செக்கரின் கட்டைவிரல்

செக்கரைக் கண்டதும் யாருக்கும் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். டீக்கடை பெஞ்சில் அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் லேசாக நகர்ந்துகொள்வார். நகர்ந்த பிறகு, நாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசிப்பார். பெற்றோர் அவருக்குப் பெயர் என்று ஒன்று வைத்திருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லி அவரைக் கடைசியாகக் கூப்பிட்டது யார் என்று அவருடைய மனைவிக்கே நினைவில்லை. அந்த அம்மாளும் அடுத்த வீட்டில் பேசும்போது 'எங்க வீட்டுச் செக்கர்' என்றுதான் சொல்வார்.

கண்டக்டராகச் சேர்ந்து, செக்கராக உயர்ந்து, செக்கராகவே ஓய்ந்தவர். அவருடைய மூளை தலையில்தான் இருந்ததா என்பதில் டிப்போவில் இரண்டு கருத்து உண்டு. வலது கட்டைவிரலில் இருந்தது என்பதில் ஒரே கருத்துதான். டிக்கெட் கிழித்துக் கிழித்துத் தட்டையாகி, நுனி பளபளத்து, சின்னக் கரண்டி போல இருக்கும் அந்த விரல். பயணி நீட்டிய டிக்கெட்டை வாங்குவார். படிக்க மாட்டார். கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. "நேத்து டிக்கெட்" என்பார். நேற்றைய டிக்கெட்டாகத்தான் இருக்கும்.

சொந்த மாமனாரையே பிடித்தவர். மகளைப் பார்க்கப் பழப்பையோடு வந்துகொண்டிருந்த பெரியவர், நெரிசலில் டிக்கெட் எடுக்கத் தவறிவிட்டார். பின்வாசல் வழியாக ஏறிய மருமகன் கையை நீட்டினார். மாமனார் சிரித்தபடி, "என்ன மாப்பிள்ளை, நம்மகிட்டயேவா?" என்றார். "பஸ்ஸுக்குள்ள நான் மாப்பிள்ளை இல்லீங்க" என்று அபராதச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, அதே நிறுத்தத்தில் கூடவே இறங்கி, பழப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மாமனாரை மரியாதையாக வீட்டுக்கு அழைத்துப் போனார். இந்தக் கதையைச் செக்கர் பெருமையாகச் சொல்வார். அவர் மனைவியும் சொல்வதுண்டு, வேறு தொனியில். வீட்டில் எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் அந்தப் பழப்பையில் வந்துதான் முடியும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது, பூனையை மீன்கடையிலிருந்து ஓய்வு பெறச் சொல்வது மாதிரி. சில காலம் வீட்டிலேயே சோதனை நடத்திப் பார்த்தார். பால்காரரின் அளவு, துணி தேய்ப்பவரின் மடிப்பு, மகன் வீடு திரும்பும் நேரம் எல்லாம் சோதனைக்கு உள்ளாயின. குடும்பம் கலங்கிப் போயிருந்த வேளையில்தான் டிப்போ நிர்வாகம் ஒரு புண்ணியம் செய்தது.

பணிமனைச் சுவருக்குப் பின்னால் பழைய பஸ்களைப் போட்டு வைத்திருந்த இடம் ஒன்று இருந்தது. அவற்றை ஏலத்தில் தள்ளியதும், காலி நிலத்தை ஐந்து பாத்தியாகப் பிரித்து, காய்கறி போட்டுக்கொள்ளுங்கள் என்று ஓய்வு பெற்றவர்களில் ஐந்து பேருக்குக் கொடுத்தார்கள். மண்வெட்டி போட்டால் முதலில் நட்டு வரும், அப்புறம் போல்ட்டு வரும், கடைசியில்தான் மண் வரும். எப்படியோ கிளறிப் புரட்டி, எருவைப் போட்டுத் தோட்டமாக்கிவிட்டார்கள். ஒரு சங்கமும் அமைந்தது. தலைவராகச் செக்கர் இருக்கலாமா, சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது எல்லோரும் தூக்கினார்கள். செக்கர் முன்னால் கையைத் தூக்கி நிற்பது பழக்கமாகிப் போயிருந்தது.

தலைவரின் பாத்தி முன்வாசல் பக்கம், பணிமனைச் சுவர் நிழலில். அதில் வெங்காயம், ஓரமாகக் கொஞ்சம் பூண்டு. வெங்காயத்தை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ருசி அல்ல, ஒழுக்கம். காய்கறிகளிலேயே நேராக வரிசையில் நிற்கத் தெரிந்தது வெங்காயம் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. ஒரு சாண் இடமும் வீணாகக் கூடாது என்று நெருக்கி நெருக்கி நட்டிருந்தார். இருவர் சீட்டில் மூவர் உட்கார்ந்த மாதிரி தாள்கள் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நின்றன. தண்ணீரை வாய்க்கால் வழியாகத்தான் விடுவார். தாள்மேல் சொட்டுத் தண்ணீர் பட விடமாட்டார். சேறு தெறித்தால் அழகு கெட்டுவிடும்.

அவருக்கு நேர் எதிர்முனையில், பின்வாசல் ஓரம், நல்ல வெயிலில் இருந்தது டிரைவரின் பாத்தி. டிரைவர் அவருக்குச் சம்பந்தி. செக்கரின் மகன் ஊரில் வேறு பெண்ணே இல்லாததுபோல டிரைவரின் மகளைத்தான் கட்டுவேன் என்று நின்று கட்டிக்கொண்டான். பெண் நல்ல பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். செக்கருக்கு இருந்த ஒரே மனக்குறை அவளுடைய அப்பாவின் ஹாரன்.

அது பழைய பகை. சாலையோர மரத்துக்குப் பின்னால் செக்கர் ஒளிந்து நிற்பதைக் கண்டால் டிரைவர் குட்டியாக இரண்டு ஹாரன் அடிப்பார். பாம், பாம். உள்ளே கண்டக்டர் உஷாராகி, டிக்கெட் கொடுக்காமல் விட்டவர்களுக்கெல்லாம் அவசரமாகக் கொடுத்து முடிப்பார். செக்கர் ஏறும்போது பஸ் கோயில் மாதிரி இருக்கும். எத்தனை முறை கேட்டாலும் டிரைவர், "நாய் குறுக்க வந்துச்சு சார்" என்பார். அந்த ஊரில் அவ்வளவு நாய் கிடையாது.

பழைய பஸ்களை ஏலம் விடும்போது டிரைவர் தன்னுடைய பஸ்ஸின் டிரைவர் சீட்டையும், பக்கக் கண்ணாடியையும், ரப்பர் உருண்டை வைத்த பழைய ஹாரனையும் கேட்டு வாங்கிக்கொண்டார். சீட்டைப் பாத்தியின் நடுவில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தார். கம்பு நட்டுக் கண்ணாடியைக் கட்டினார். ஹாரனைக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டினார். சுற்றிலும் பூசணி விதையைப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். மனைவி போனபிறகு அவர் இருந்தது ஒரு மாடி அறையில். அதற்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர். ஆயுள் முழுக்க ரோட்டைப் பார்த்தே வாழ்ந்த மனிதர் சுவரைப் பார்த்து எவ்வளவு நேரம் உட்கார முடியும்? அதனால் காலையில் தோட்டத்துக்கு வந்தால் இருட்டும்வரை சீட்டில்தான் இருப்பார். பூசணிக்கொடி தன்பாட்டுக்கு வேலியெல்லாம் ஏறி, வரப்பெல்லாம் இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். செக்கர் பாத்தி பார்க்கக் கிளம்பினால் பாம், பாம்.

"நாய் எங்க சம்பந்தி?" என்பார் செக்கர்.

"இப்பதான் போச்சு சம்பந்தி."

இப்படிப் போய்க்கொண்டிருந்த தோட்டத்தில், மழை விட்டுக் காய்ந்த காற்று வீசத் தொடங்கிய நாட்களில், பூசணி இலைகள்மேல் யாரோ முகப்பவுடர் தூவிய மாதிரி வெள்ளை படர்ந்தது. செக்கர் ஒரு இலையைப் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்தார். வெள்ளை விரலில் ஒட்டியது. சாம்பல் நோய் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். செக்கருக்கு அந்தக் கணத்தில் உடம்பில் பழைய ரத்தம் பாய்ந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு முதல் கேஸ்.

அன்றைக்கே சங்கத்தைக் கூட்டினார். நோய் கண்ட பாத்தியில் உள்ளதையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும். பாத்திக்காரர் பருவ முடிவில் பாத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காத்திருக்கும் வேறொருவருக்கு அது போகும். இதுதான் தீர்மானம். ஒருத்தனை டிக்கெட் இல்லாமல் விட்டால் நாளைக்கு பஸ்ஸே ஓசி என்று ஆகிவிடும் என்று விளக்கமும் தந்தார். கைகள் உயர்ந்தன. டிரைவரும் தூக்கினார். யாருக்கெல்லாம் டீ வேண்டும் என்று கேட்கிறார்கள் என நினைத்துத் தூக்கியதாகப் பிற்பாடு சொன்னார்.

பூசணியைப் பிடுங்கும்போது டிரைவர் சீட்டைவிட்டு இறங்கவில்லை. "இலைதானே சம்பந்தி வெளுத்திருக்கு. காய் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"டிக்கெட் இல்லாதவனும் பாக்க நல்லாத்தான் இருப்பான் சம்பந்தி."

கொடி போனது. வெறும் மண்ணுக்கு நடுவில் சீட்டும், கண்ணாடியும், ஹாரனும், டிரைவரும் மிஞ்சினார்கள். பருவம் முடிந்தால் அதுவும் இல்லை. சுவர் பார்த்த ஜன்னல்தான். மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிப் பார்த்தாள். சம்பந்தி வீட்டில் போய்த் தங்கினால் தூங்கும்போதும் யாராவது டிக்கெட் கேட்பார்கள் என்று டிரைவர் மறுத்துவிட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மகள் சிரிக்கவில்லை.

குற்றவாளியை அப்புறப்படுத்திய நிம்மதியில் செக்கர் சோதனையைத் தீவிரப்படுத்தினார். தினமும் காலையில் வந்ததும் முதலில் தன் வெங்காயத்துக்குள் குனிந்து களை எடுப்பார். பிறகு அப்படியே எழுந்து பக்கத்துப் பாத்தி, அடுத்த பாத்தி என்று வரிசையாகப் போவார். ஒவ்வொரு பாத்தியிலும் சில இலைகளைப் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் இன்னும் சில இலை. மனைவி கொடுத்தனுப்பிய கைக்குட்டை மடிப்புக் கலையாமல் பையிலேயே இருக்கும்.

உழைப்புக்குப் பலன் கிடைக்கத்தான் செய்தது. அடுத்த பாத்திக்காரரான மெக்கானிக்கின் பூண்டுத் தாளில் வெள்ளை கண்டது. பிடுங்கினார்கள். அதற்கும் அடுத்து, டைம்கீப்பரின் தக்காளிச் செடியில் அடி இலைகள் மேலே மஞ்சளித்துக் கீழே வெளுத்தன. பிடுங்கினார்கள். பிறகு கேஷியரம்மாவின் குடைமிளகாய். அந்த அம்மாள் மட்டும் கொஞ்சம் எகிறினார். தலைவர் வந்து தடவிவிட்டுப் போகிற வரைக்கும் தன் செடி நன்றாகத்தான் இருந்தது என்றார். செக்கர் அதைக் குற்றம் செய்தவர்களின் வழக்கமான பேச்சு என்று எடுத்துக்கொண்டார். அவர் சர்வீஸில் இதைவிட நல்ல சாக்கெல்லாம் கேட்டிருக்கிறார்.

ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. பூசணி போய்விட்டது, நோய் போகவில்லை. கூட்டத்தில் மெக்கானிக் இதை வாய்விட்டே கேட்டார். காற்றில் வந்திருக்கும், பூசணி விட்டுவிட்டுப் போன வித்து என்று செக்கர் சமாளித்தார். காற்றுக்கென்ன வேலி! இருந்தாலும் மனம் உறுத்தவே, விதைக்கடைக்குப் போய்க் கந்தகத் தூளுக்கு விலை கேட்கிற சாக்கில் விசாரித்தார்.

கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே, "பூசணியில வர்ற சாம்பல் வேற சார், வெங்காயம், தக்காளி, மிளகாயில வர்றது வேற" என்றார். "பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும். ஆனா பெரும்பாலும் அது இதுல ஏறாது. உங்க ஊர் பஸ் வேற, அவங்க ஊர் பஸ் வேற."

நோய்க்கு மழையும் ஈரமும் வேண்டாம், காய்ந்த காற்றும் நிழலும் நெருக்கமும் கிடைத்தால் கொண்டாட்டம், காற்றில் பறக்கும், கைபட்டாலும் ஒட்டிக்கொள்ளும் என்றெல்லாம் கடைக்காரர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். செக்கர் காதில் விழுந்தது முதல் வாக்கியத்தோடு சரி. பூசணி நிரபராதி. சம்பந்தி பாத்தியை வீணாக வழித்தெடுத்தாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று அன்று இரவு தட்டில் கைவைத்தபடி யோசித்தார். ஒருவேளை கடைக்காரருக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம். ஆமாம், கடைக்காரர்தானே.

அவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. தன் பாத்தி. அதைத் தேய்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. இதில் சூது ஒன்றும் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் எல்லோரிடமும் டிக்கெட் கேட்பார். செக்கரிடம் யார் டிக்கெட் கேட்பது?

மருமகள் டியூட்டி முடிந்து வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். அவசரமில்லாமல், விரலிடுக்கெல்லாம் விட்டு. இந்த வீட்டில் சோப்பு எங்கே போகிறது என்று கேட்பது செக்கரின் பழைய வேடிக்கை. அன்று சாயங்காலமும் கேட்டார். சாம்பல் நோய்க்காக அப்பாவின் கொடியைப் பிடுங்கியதிலிருந்து அவரோடு அளந்து அளந்து பேசிக்கொண்டிருந்த பெண், அன்று துண்டில் கை துடைத்தபடி நின்று பதில் சொன்னாள்.

"ஒரு பேஷண்டைத் தொட்ட கையோட அடுத்த பேஷண்டைத் தொட்டா எங்க ஹெட் சிஸ்டர் வார்டை விட்டே துரத்திடுவாங்க மாமா. நோயாளியைவிட எங்க கைதான் ஆபத்துன்னுவாங்க."

சரிதான், சரிதான் என்றார் செக்கர்.

"தோட்டத்துல முதல்ல யார் பாத்தியைப் பாப்பீங்க மாமா?"

கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி செக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலில் மெக்கானிக், அப்புறம் டைம்கீப்பர், அப்புறம் கேஷியரம்மா. ஒரு நாளும் வரிசை மாறாது என்றார்.

"நோய் வந்தது?"

"முதல்ல மெக்கானிக்குக்கு. அப்புறம் டைம்கீப்பர். அப்புறம்..." செக்கரின் குரல் மெல்லத் தேய்ந்தது.

"மெக்கானிக் பாத்திக்கு எங்கேயிருந்து போவீங்க மாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மருமகள் சமையலறைக்குள் போய்விட்டாள். அத்தையோடு ஏதோ சாதாரணமாகப் பேசுகிற சத்தம் கேட்டது. மருமகள்கள் முழுதாகச் சொல்லி முடிப்பதில்லை. அவர்கள் ஜெயிப்பதே அதனால்தான்.

செக்கர் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன் தோட்டத்தில் இருந்தார். யாரும் என்றால் டிரைவர் நீங்கலாக. அவர் தன் சீட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செக்கர் வெங்காயப் பாத்திக்குள் குனிந்தார். மேலே தெரிகிற இளந்தாள் எல்லாம் பச்சைப் பசேலென்று இருந்தது. நெருக்கத்தை விலக்கி, சுவர்ப் பக்கமாக அடியில் சாய்ந்து கிடந்த முதிர்ந்த தாள் ஒன்றைப் பிடித்தார். தேய்த்தார்.

விரல் வெளுத்தது.

அடுத்த வரிசை. அதுவும். அதற்கடுத்தது. பூண்டும். பூசணிக்கு முன்பே, மெக்கானிக்குக்கு முன்பே, யாருக்கும் முன்பே வந்து ஏறி, அவர் மடியிலேயே உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறது. அவர்தான் அதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறக்கிவிட்டிருக்கிறார். ஊரார் பாத்தியெல்லாம் மொட்டை. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அதுவும் சங்கத் தீர்மானத்தோடு.

இந்த இடத்தில் மாமனாரைப் பிடித்த நேர்மையாளர் உடனே எழுந்து நின்று உண்மையை உரக்கச் சொன்னார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. செக்கர் முதலில் செய்தது, சுற்றுமுற்றும் பார்த்ததுதான். அப்புறம் வெளுத்த தாள்களைச் சத்தமில்லாமல் கிள்ளிக் கிள்ளிப் பேண்ட் பையில் திணிக்க ஆரம்பித்தார். இந்த முகத்தை அவர் ஆயிரம் முறை பார்த்திருக்கிறார்: எட்டாம் நம்பர் சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி நடிக்கும் முகம். இப்போது அது தன் கழுத்தின்மேல் இருப்பது அவருக்குத் தெரிந்தது. கையோ நிற்கவில்லை. அடியில் உள்ளதை எடுத்துவிட்டால் போதும். மேலே பச்சை. தலைவர் பாத்தியை யார் தேய்த்துப் பார்க்கப் போகிறார்கள்?

பாம், பாம்.

செக்கர் தூக்கிவாரிப் போட நிமிர்ந்தார். டிரைவர் திரும்பவில்லை. முதுகு காட்டியபடியேதான் இருந்தார். ஆனால் கம்பில் கட்டிய கண்ணாடியில் அவருடைய கண் தெரிந்தது. அது நேராகச் செக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு முன்வாசலைக் காட்டுவதுபோல ஒரு முறை நகர்ந்தது. வாசல் கதவு கிறீச்சிட, மெக்கானிக்கும் டைம்கீப்பரும் கேஷியரம்மாவும் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள்.

ஆயுள் முழுக்க அவர் வெறுத்த ஹாரன், ஆயுளில் முதல்முறையாக அவருக்காக அடித்திருந்தது.

அதுதான் செக்கரை வீழ்த்தியது. மாட்டிக்கொண்டிருந்தால் கூடச் சமாளித்திருப்பார். காப்பாற்றப்பட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. டிக்கெட் எடுக்காதவனை உஷார்படுத்தும் ஹாரன் தனக்கு அடிக்கப்பட்டதென்றால், அப்போது தான் யார்? பையில் திணித்ததையெல்லாம் வெளியே எடுத்தார். வெளுத்த தாள்களை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அந்த மூவர் முன்னால் போய் நின்றார்.

"கேஸ் பிடிச்சிருக்கேன்" என்றார்.

யாரை என்று கேட்டார் கேஷியரம்மா.

"என்னை."

சொன்னவுடன் அவருக்கே ஆச்சரியமாக, வெட்கத்துக்குப் பதில் வேறொன்று உடம்பில் பொங்கியது. பெருமை. மாமனாரை விடப் பெரிய கேஸ். இனி எந்தச் செக்கரும் எந்த டிப்போவிலும் இப்படி ஒன்றைப் பிடிக்க முடியாது. எப்படி ஆரம்பித்தது, எந்த வழியாகப் போனது, எந்தெந்த நிறுத்தத்தில் யார் யார் பாத்தியில் இறங்கியது என்று கட்டைவிரலை நீட்டி நீட்டி அவர் விவரித்த அழகில், பாத்தி இழந்த மூவரும் கோபப்பட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூசணி நிரபராதி என்ற விஷயத்தையும் விதைக்கடைக்காரர் பெயரைச் சொல்லிப் போட்டு உடைத்தார். முடித்துவிட்டு, மனைவி தந்த கைக்குட்டையை முதல்முறையாகப் பிரித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நெற்றியிலும் கொஞ்சம் வெள்ளை ஒட்டியது.

சங்கம் கூடியது. தன் பாத்தியைப் பிடுங்க வேண்டும், தன்னிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும், அதற்கு முன்னால் தலைவர் பதவியையும் பறிக்க வேண்டும் என்று செக்கர் மூன்று கோரிக்கை வைத்தார். தீர்மானப்படி பார்த்தால் இப்போது தோட்டத்தில் பாத்தி வைத்திருக்கத் தகுதியுள்ளவர் ஒருவருமே இல்லை என்பதை டைம்கீப்பர் அப்போதுதான் கவனித்துச் சொன்னார். மண்ணுக்கு மட்டும் சங்கம் நடத்த முடியாது. ஆகவே தீர்மானத்தையே ரத்து செய்யலாமா என்று கேட்டார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது, செக்கர் கை தவிர. விதி விதிதான் என்று எதிர்த்தார். தனக்குக் கிடைத்த மன்னிப்பை எதிர்த்து வாக்களித்துத் தோற்றுப்போனவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வெங்காயத்தை மட்டும் அவரே பிடுங்கினார், யார் தடுத்தும் கேட்காமல். கிழங்கு சின்னதாக இருந்தாலும் தின்னத் தகுந்ததாகத்தான் இருந்தது. தாளை மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினார். கிழங்கை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக் கொடுத்தார். யாரும் கையால் வாங்கவில்லை. கீழே வைக்கச் சொன்னார்கள்.

டிரைவர் பங்கைக் கொண்டுபோய் அவர் சீட்டின் அடியில் வைத்தபோது, எப்போதிலிருந்து தெரியும் என்று செக்கர் கேட்டார். பூசணி வெளுக்கும் முன்பே கண்ணாடியில் தெரிந்தது என்றார் டிரைவர். காலையில் வெயில் சாய்வாக விழும்போது அடித்தாள் வெள்ளை வெளேரென்று மின்னுமாம்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே சம்பந்தி. உங்க கொடியை நான் பிடுங்கறப்பவாவது."

டிரைவர் ஹாரன் உருண்டையைத் துடைத்தார். "டிரைவருக்கு வேலை ரோட்டைப் பாக்கறது சம்பந்தி. டிக்கெட் பாக்கறது நம்ம வேலையில்லை."

வீட்டில் இந்தக் கதையை மனைவி கடைசிவரை கேட்டார். வெங்காயத்தைத் தோல் உரித்துக்கொண்டிருந்ததால் கண்ணில் தண்ணீர் வந்தது எதனால் என்று சொல்வதற்கில்லை. பிறகு, "எங்க அப்பாவுக்கு இன்னிக்குத்தான் மனசு ஆறியிருக்கும்" என்றார். அன்றிலிருந்து பழப்பை கதை அந்த வீட்டில் எடுக்கப்படவில்லை. அதைவிடச் சௌகரியமான கதை கிடைத்துவிட்டது.

இப்போது செக்கரின் பாத்தியில் வெங்காயம் தாராளமாக இடைவெளி விட்டு நிற்கிறது, காலி பஸ் மாதிரி. காலையில் தாள்மேலேயே தண்ணீர் தெளிக்கிறார். வெயில் தாழ்ந்த பிறகு கந்தகத் தூளைக் கரைத்து அடிக்கிறார்கள். வெள்ளை அடியோடு போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. தலைவர் பதவியும் அவரிடமே இருக்கிறது, ஒரே நிபந்தனையோடு. சோதனைக்குப் போகும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இலையைத் தூக்கிக் காட்ட வேறொருவர் முன்னால் போவார். ஒவ்வொரு பாத்தி முடிந்ததும் வாளித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டுதான் இலை தூக்குபவர் அடுத்ததற்குள் இறங்குவார். அந்த வேலைக்கு ஒருவர்தான் முன்வந்தார்.

ஆகவே தினமும் காலையில் டிரைவர் முன்னால் போகிறார், கையில் ஹாரனோடு. பின்னால் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துப் பிடித்துக்கொண்டு செக்கர் வருகிறார். முதல் சோதனை தலைவர் பாத்தியில். அதன் வரப்பில் கால் வைக்கும் முன் டிரைவர் நின்று உருண்டையை அமுக்குகிறார்: பாம், பாம்.

"வெங்காயத்துக்கு எதுக்கு சம்பந்தி ஹாரன்?" என்கிறார் செக்கர்.

"நாய் சம்பந்தி" என்கிறார் டிரைவர்.